சிக்னலிங் லிங்க் விழுந்தால்: கம்பியிலிருந்து பாயின்ட் கோடு வரை

இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே பேச்சு போகும் சர்க்யூட் வேறு, "இந்த நம்பருக்கு மணி அடி, எடுத்துவிட்டார், வைத்துவிட்டார்" என்ற செய்தி போகும் எஸ்எஸ்7 லிங்க் வேறு. அந்த 64 கிலோபிட் லிங்க் விழுந்து, மாற்று லிங்க்கும் இல்லையென்றால், நல்ல நிலையில் இருக்கும் நூற்றுக்கணக்கான சர்க்யூட்டுகள் சும்மா நிற்கும். இந்த வழிகாட்டி, ராத்திரி ஷிஃப்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது திரையில் அந்தச் சிவப்பு வரி வந்தால் என்ன வரிசையில் வேலை பார்ப்பது என்பதற்காக.

நான் வேலை பார்க்கும் சுவிட்ச் ரூம் தண்டையார்பேட்டைப் பக்கம். பாலிடெக்னிக் முடித்து வரும் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லித் தருவதால், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தொடர்ந்து பார்க்கிறேன். அறிவில் குறை இல்லை, வரிசையில்தான் குறை. அலாரம் வந்ததும் கான்ஃபிகரேஷனைத் திறந்து மாற்ற ஆரம்பிப்பார்கள், அல்லது கார்டை ரீசெட் செய்வார்கள். எந்த நிலை வரைக்கும் ஏறி எங்கே சிக்கி நிற்கிறது என்று பார்த்தாலே, கோளாறு எந்த அடுக்கில் என்று லிங்க்கே சொல்லிவிடும். அதைக் கேட்டுவிட்டு, கீழிருந்து மேலே போக வேண்டும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

லிங்க் விவரத் தாள் ஒன்று அச்சடித்து ரேக் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு லிங்க்குக்கும் நம்ம பாயின்ட் கோடு (சிக்னலிங் நெட்வொர்க்கில் எக்ஸ்சேஞ்சின் முகவரி எண்), எதிர்முனை பாயின்ட் கோடு, நெட்வொர்க் இன்டிகேட்டர் (தேசமா சர்வதேசமா என்று சொல்லும் எண்), எஸ்எல்சி (இரு முனைக்கு நடுவே எந்த லிங்க் என்று சொல்லும் எண்), எந்த ஈ1 (பல சர்க்யூட்டுகளைச் சுமக்கும் டிஜிட்டல் லைன்), அதில் எந்த டைம்ஸ்லாட், டிடிஎஃப்பில் (ஈ1 கம்பிகள் வந்து இணையும் சட்டம்) எந்த பிளாக்கில் எந்த ஜோடி, நடுவில் எந்த மக்ஸ் (பல ஈ1-களைச் சேர்த்துக் கடத்தும் கருவி), எதிர்முனையில் யாரைக் கூப்பிடுவது. கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்பார்கள். கம்ப்யூட்டரில் இருப்பது இன்றைக்கு ஓடும் மதிப்பு. யாராவது நேற்று மாற்றியிருந்தால் அதையே சரி என்று நம்பிவிடுவீர்கள். ஒப்பந்தத்தின்போது இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட மதிப்பு தாளில் இருக்க வேண்டும்.

கருவிகள்: ஈ1 டெஸ்டர், க்ரோன் பஞ்ச் டூல், டெஸ்ட் கார்டு (சோதனைக் கம்பி), லூப் போட ஒரு சின்னக் கேபிள், 75 ஓம் கோஆக்ஸ் ஓடும் இடமென்றால் பிஎன்சி இணைப்பான்கள், 120 ஓம் ஜோடிக் கம்பியிலிருந்து கோஆக்ஸுக்கு மாற்றும் பேலன். அப்புறம் ஒரு நல்ல டார்ச். டிடிஎஃப்பின் பின்பக்கம் வெளிச்சமே இருக்காது.

சிக்னலிங் டிரேஸ் எடுக்கும் வசதி உங்கள் சுவிட்ச்சில் எந்தக் கட்டளையில் இருக்கிறது என்பதை, லிங்க் நன்றாக ஓடும் நாளிலேயே எடுத்துப் பார்த்துப் பழகுங்கள். நல்ல லிங்க் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குக் கெட்ட லிங்க்கின் டிரேஸ் ஒன்றும் சொல்லாது.

2. முதல் ஐந்து நிமிடம் எதையும் தொடாதீர்கள்

முதலில் நேரத்தைக் குறியுங்கள். விழுந்த நேரம், விழுந்த காரணம் என்று சுவிட்ச் எழுதிய வரி, எரர் கவுன்ட்டர்கள், ஈ1 அலாரங்கள் எல்லாவற்றையும் அப்படியே சேமித்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் பல சுவிட்ச்சுகளில் கவுன்ட்டர் பூஜ்யமாகிவிடும், அதோடு ஆதாரமும் போய்விடும்.

அடுத்து, அதே லிங்க்செட்டில் (அந்த எதிர்முனைக்கே போகும் லிங்க்குகளின் கூட்டம்) மிச்சம் எத்தனை லிங்க் உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு லிங்க்செட்டில் 16 லிங்க் வரை இருக்கலாம், ஆனால் நம்ம ஊர் இணைப்புகளில் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று விழுந்தால் அதன் சுமை தானாக மற்றதுக்கு மாறிவிடும். சாதாரணமாக ஒரு லிங்க்கை 0.2 எர்லாங் (நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு செய்தி ஓடும்) சுமைக்குத் திட்டமிடுவது இதற்காகத்தான்: ஜோடி விழுந்தால் மிச்சமிருப்பது 0.4 சுமந்து சமாளிக்கும்.

உயிரோடு இருப்பது கடைசி லிங்க் என்றால், அதன் கார்டு, அதன் ஈ1, அதன் டிடிஎஃப் பிளாக் எதன்மேலும் கை படக் கூடாது. விழுந்த லிங்க்கும் ஓடும் லிங்க்கும் ஒரே கார்டில் இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். விழுந்ததைச் சரிசெய்யப் போய் ஓடுவதையும் பிடுங்குவதுதான் புதியவர்கள் கையில் நடக்கும் பெரிய விபத்து. பகல் 11 மணிக்கு அப்படி நடந்தால், இந்த இணைப்பை நம்பியிருக்கும் பாரிமுனைக் கடைகள் முதல் மணலி கம்பெனிகள் வரை ஒருத்தருக்கும் கால் போகாது.

3. விழுந்த காரணத்தைப் படியுங்கள்

சுவிட்ச் எழுதும் காரண வரியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

"எரர் ரேட் அதிகம்" என்று இருந்தால் கோளாறு கம்பியிலோ டிரான்ஸ்மிஷனிலோ இருக்கிறது. எம்டிபி2 அடுக்கு (ஒரு லிங்க்கில் செய்தி பிழையில்லாமல் போவதைப் பார்த்துக்கொள்வது) ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கெட்டுப்போன சிக்னல் யூனிட் (லிங்க்கில் ஓடும் செய்திப் பொட்டலம்) ஒன்று வந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், 256 யூனிட் வந்துசேர்ந்தால் ஒன்று குறையும், 64 தொட்டால் லிங்க்கை வெட்டிவிடும். ஆகவே இந்தக் காரணம் வந்தால் எங்கோ ஒரே ஒரு பிட் கெட்டதால் விழவில்லை, தொடர்ந்து கெட்டிருக்கிறது. கான்ஃபிகரேஷனைத் திறக்கவே வேண்டாம், நேராக நாலாவது படிக்குப் போங்கள்.

"அக்னாலெட்ஜ்மென்ட் தாமதம்", அதாவது டி7 டைமர் முடிந்தது என்றால், நாம் அனுப்பிய செய்திக்கு அரை வினாடியிலிருந்து இரண்டு வினாடிக்குள் ஒப்புதல் வரவில்லை. ஒரு திசை மட்டும் செத்திருக்கலாம், அல்லது எதிர்முனை திணறுகிறது.

எதிர்முனையிலிருந்து எஸ்ஐஓஎஸ் (லிங்க் சேவையில் இல்லை என்ற நிலைச் செய்தி) வந்ததால் விழுந்தது என்றால், அந்தப் பக்கம் லிங்க்கை வெட்டியிருக்கிறார்கள் அல்லது அவர்களின் கணக்கு 64 தொட்டிருக்கிறது. எஸ்ஐபிஓ வந்தால் அவர்களின் பிராசஸர் அல்லது மேல் அடுக்கு வேலை செய்யவில்லை, கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நம்ம பக்கம் ரேக்கைப் பிரிப்பது வீண், போனை எடுங்கள்.

போனில் பேசும்போது ஒரு விஷயம். "சார், எஸ்எல்சி ரெண்டு தானே?" என்று கேட்காதீர்கள். அந்தப் பக்கமும் ராத்திரி ஷிஃப்ட்தான், "ஆமா ஆமா" என்று சொல்லிவிடுவார். "சார், உங்க ஸ்கிரீன்ல எஸ்எல்சி என்ன இருக்குன்னு பார்த்து வாசிங்க" என்று கேளுங்கள். மதிப்பை அவர் வாயால் வரவழைப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

4. கம்பியும் ஈ1 அலாரமும்

ஈ1 என்பது 2.048 மெகாபிட் ஓட்டம், அதில் 32 டைம்ஸ்லாட். பூஜ்யமாவது ஸ்லாட் ஃபிரேம் (32 ஸ்லாட்டும் வந்து முடியும் ஒரு சுற்று) பிடிக்க, மற்றவற்றில் ஒன்றில் (பெரும்பாலும் 16) சிக்னலிங், மிச்சத்தில் பேச்சு. அலாரத்தைப் பார்த்ததும் முதல் கேள்வி: விழுந்தது லிங்க் மட்டுமா, ஈ1 முழுக்கவா? முழு ஈ1-ம் விழுந்திருந்தால் எஸ்எஸ்7-ஐ மறந்துவிட்டு டிரான்ஸ்மிஷன் வேலையாகப் பாருங்கள்.

எல்ஓஎஸ் என்றால் நம்ம கார்டுக்குச் சிக்னலே வரவில்லை. ஏஐஎஸ் என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் வெறும் ஒன்றுகளாக வருகிறது: நடுவில் இருக்கும் மக்ஸ் தனக்கு வர வேண்டியது வராமல் நமக்கு அதைத் தெரிவிக்கிறது. ஏஐஎஸ் இருக்கும்போது நம்ம டிடிஎஃப்பில் கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் நிறைய பேர். அந்தக் கம்பி நன்றாக இருப்பதால்தான் ஏஐஎஸ் வந்து சேர்கிறது, மக்ஸுக்கு அப்பால் பாருங்கள். ஆர்ஏஐ என்றால் நாம் அனுப்புவது எதிர்முனைக்குப் போய்ச் சேரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது: நம்ம கார்டில் பச்சை விளக்கு எரிந்தால் நமக்கு வரும் பாதை நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். நாம் அனுப்பும் பாதை செத்திருந்தாலும் எல்ஓஎஸ் வராது. "நம்ம சைடு கிரீன் சார்" என்று சொல்லி முடித்துவிடாமல், ஆர்ஏஐ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

புதிதாகப் போட்ட இணைப்பில் இரண்டு பக்கமும் எல்ஓஎஸ் என்றால், அனுப்பும் ஜோடியும் வாங்கும் ஜோடியும் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஓடிக்கொண்டிருந்த இணைப்பில் அப்படி வராது, யாராவது அன்றைக்குக் கை வைத்திருந்தால் ஒழிய. சிஆர்சி4 (ஈ1 ஃபிரேம்களில் பிழை பார்க்கும் முறை) ஒரு பக்கம் போட்டு மறு பக்கம் போடாமல் விட்டால் ஃபிரேம் பிடிக்காமல் தவிக்கும். சில கார்டுகள் தானே சமாளித்துக்கொள்வதால் இது வெளியே தெரியாமல் கிடந்து, கார்டை மாற்றிய நாளில் கிளம்பும்.

நம்ம ஊரின் தனிக் கோளாறு உப்புக்காற்று. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று கடலோரமாக இருக்கும் அறைகளில் பிஎன்சி இணைப்பானின் நடு ஊசியும் க்ரோன் பிளாக்கின் நாக்குகளும் பச்சை பூத்துப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் கம்பி இறுக்கமாகத்தான் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கம்பி நாக்குக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். செம்பின் சிவப்பு தெரிய வேண்டும். மங்கலான பச்சையோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அந்த நுனியை வெட்டி, புதிதாக ஒரு நீளம் எடுத்து, பஞ்ச் டூலால் மறுபடி இறக்குங்கள். பழைய நுனியையே மறுபடி அழுத்தினால் ஒரு வாரம் ஓடும், அப்புறம் ஐப்பசி மழையில் திரும்ப விழும்.

5. லூப் போட்டுப் பாதியாகப் பிரிப்பது

அலாரம் தெளிவாக இல்லையென்றால் பாதையை இரண்டாக வெட்டிப் பாருங்கள். விழுந்த லிங்க்கின் ஈ1-ஐ டிடிஎஃப்பில் நம்ம சுவிட்ச்சை நோக்கி லூப் செய்தால், எல்ஓஎஸ் போய், ஃபிரேம் பிடித்து, எரர் இல்லாமல் நிற்க வேண்டும். நின்றால் நம்ம கார்டும் அறைக்குள் ஓடும் கேபிளும் நல்லவை. நிற்காவிட்டால் எதிர்முனையைக் கூப்பிட வேலையே இல்லை. நம்ம பக்கம் தேறிவிட்டால் எதிர்முனையை அவர்களின் டிடிஎஃப்பில் நம்மை நோக்கி லூப் போடச் சொல்லி, டெஸ்டரை மாட்டி எரர் எண்ணுங்கள். குறைந்தது 15 நிமிடம் ஓட விடுங்கள். இரண்டு நிமிடத்தில் சுத்தமாக வந்ததை வைத்து "லைன் ஓகே" என்று எழுதக் கூடாது, விட்டுவிட்டு வரும் கோளாறு அந்த இரண்டு நிமிடத்தில் வராமல் போகலாம்.

லூப் போடும் முன் அந்த ஈ1-இல் ஓடும் பேச்சு சர்க்யூட்டுகளைப் பிளாக் செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். லிங்க் விழுந்தாலும் மாற்று லிங்க் வழியாக அந்தச் சர்க்யூட்டுகளில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். லூப் விழுந்த கணத்தில் அவர்களுக்குத் தங்கள் குரலே திரும்பக் கேட்கும்.

ஓடும் லைனை ஒட்டுக் கேட்க டெஸ்டரை இணைக்கிறீர்கள் என்றால், மானிட்டர் முறையில் வையுங்கள், டெர்மினேட் முறையில் அல்ல. டெர்மினேட்டில் வைத்து இணையாக மாட்டினால் 120 ஓம் சுமை கூடுதலாக விழுந்து சிக்னல் மட்டம் இறங்கும், நன்றாக ஓடிய லைனும் படுக்கும்.

லூப் விஷயத்தில் எல்லாரையும் ஏமாற்றும் ஒன்று உண்டு. லூப் போட்ட லைனில் எம்டிபி2 தன்னோடு தானே கைகுலுக்கி அலைன் (இரு முனையும் ஒத்துப்போய் லிங்க் தயாராவது) ஆகிவிடும். திரையில் "அலைன்டு" என்று வரும், புதியவர் சந்தோஷமாக டிக்கெட்டை மூடப் போவார். சில வினாடியில் லிங்க் டெஸ்ட் தோற்று விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். டிரேஸில் பார்த்தால், நாம் அனுப்பிய எஸ்எல்டிஎம் (லிங்க் டெஸ்ட்) செய்தியே நம்ம பாயின்ட் கோடோடு நமக்குத் திரும்பி வரும். அப்படி வந்தால் யாரோ எங்கோ லூப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். அதனால்தான் எங்கள் அறையில் லூப் கேபிள்கள் எல்லாம் ஒரே கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம், போட்டவர் பெயரும் நேரமும் எழுதிய அட்டையோடு.

6. கடிகாரம்

இரண்டு பக்கமும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். இரண்டு பேரும் சொந்தக் கடிகாரத்தில் ஓடினால் ஃபிரேம் நழுவும், அதைத்தான் ஸ்லிப் என்கிறோம். ஒரு ஃபிரேம் 125 மைக்ரோ வினாடி. கடிகாரங்களுக்குள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் 125 வினாடிக்கு ஒரு ஸ்லிப், பத்துப் பங்கு என்றால் பன்னிரண்டரை வினாடிக்கு ஒன்று. ஸ்லிப் கவுன்ட்டர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தே வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்லிப் மட்டும் சிக்னலிங் லிங்க்கைச் சாய்ப்பது அரிது. ஒரு ஸ்லிப்பில் ஒன்றிரண்டு யூனிட் கெடும், அது மறுபடி அனுப்பப்படும். சும்மா இருக்கும் லிங்க்கிலேயே வினாடிக்கு ஆயிரத்துக்கு மேல் யூனிட் ஓடுகிறது. 64 என்ற எல்லையை இவ்வளவு மெதுவான ஸ்லிப்பால் தொட முடியாது. ஸ்லிப் இருந்தால் பேச்சில் டிக் டிக் சத்தம் வரும், ஃபேக்ஸ் தோற்கும். அதைச் சரிசெய்யுங்கள், ஆனால் அதைக் கண்டதும் லிங்க் விழுந்த காரணம் கிடைத்துவிட்டது என்று தேடுவதை நிறுத்தாதீர்கள்.

7. அலைன்மென்ட்: எங்கே நிற்கிறது?

ஈ1 சுத்தம், ஆனால் லிங்க் ஏறவில்லை. இப்போது டிரேஸைப் பாருங்கள். லிங்க் ஏறும் வரிசை எப்போதும் இதுதான்: எஸ்ஐஓஎஸ், பிறகு எஸ்ஐஓ (இன்னும் அலைன் ஆகவில்லை), பிறகு எஸ்ஐஎன் (சாதாரண முறை) அல்லது எஸ்ஐஇ (அவசர முறை), பிறகு சும்மா ஓடும் நிரப்பு யூனிட்டுகள், அதன் பிறகே செய்தி.

நாம் எஸ்ஐஓ அனுப்புகிறோம், எதிரிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் டைம்ஸ்லாட் தப்பாக இருக்கலாம். ஸ்லாட்டை 0-விலிருந்து எண்ணும் கருவியும் 1-இலிருந்து எண்ணும் கருவியும் உண்டு. நம்ம 16 அவர்களின் 17 ஆக இருக்கும். நடுவில் கிராஸ்கனெக்ட் செய்யும் மக்ஸ் இருந்தால் அதிலும் பாருங்கள், ஈ1 பச்சையாகவே இருக்க, அந்த ஒரு ஸ்லாட் மட்டும் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

எதிரிலிருந்து எஸ்ஐஓஎஸ் தொடர்ந்து வருகிறது என்றால் பாதை நன்றாக இருக்கிறது, அவர்கள் லிங்க்கை ஆக்டிவேட் செய்யவில்லை. ஒரு போன் காலில் முடியும் வேலை.

எஸ்ஐஎன் வரை வந்து திரும்ப விழுகிறது என்றால் சோதனைக் கட்டத்தில் எரர் வருகிறது. 64 கிலோபிட் லிங்க்கில் இந்தச் சோதனை சாதாரண முறையில் சுமார் 8.2 வினாடி, அவசர முறையில் சுமார் அரை வினாடி. சாதாரண முறையில் 4 எரர் வந்தால் அந்தச் சுற்று தோல்வி. 5 சுற்று தோற்றால் அலைன்மென்ட்டே முடியவில்லை என்று கைவிடும். இப்படி நடந்தால் நாலாவது படிக்கே திரும்புங்கள்.

லிங்க்செட்டில் வேறு லிங்க் உயிரோடு இல்லாதபோது அவசர முறை வரும். அரை வினாடிச் சோதனையில் மோசமான லைன்கூடத் தேறிவிடும், அதனால் சடாரென்று ஏறும், எரர் சேர்ந்ததும் விழும், திரும்ப ஏறும். "ஏதோ ஏறிட்டு இருக்கு சார்" என்று விடாதீர்கள். ஒவ்வொரு தடவை விழும்போதும் வழியிலிருக்கும் கால்கள் அடிபடுகின்றன. டிரான்ஸ்மிஷன் ஆட்களை உடனே எழுப்புங்கள்.

8. அலைன் ஆகிச் சில வினாடியில் விழுகிறதா: மதிப்புகளைப் பாருங்கள்

அலைன் ஆனதும் எம்டிபி3 (எம்டிபி2-க்கு மேலிருக்கும் அடுக்கு) ஒரு எஸ்எல்டிஎம் அனுப்பி எஸ்எல்டிஏ பதிலுக்குக் காத்திருக்கும். 4 முதல் 12 வினாடிக்குள் பதில் இல்லையென்றால் இன்னொரு தடவை. அதுவும் தோற்றால் லிங்க்கைக் கீழே போடும். ஆகவே ஏறி, ஏறக்குறைய 8 முதல் 24 வினாடியில் கடிகாரம் வைத்தமாதிரி விழுகிற லிங்க்குக்குக் கெட்டுப்போன கம்பி காரணமில்லை. லூப் இல்லையென்று உறுதியானால், மிச்சம் மூன்றே சந்தேகம்: பாயின்ட் கோடு, எஸ்எல்சி, நெட்வொர்க் இன்டிகேட்டர்.

பாயின்ட் கோட்டில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். 14 பிட் எண், அதை மூன்று விதமாக எழுதலாம். உதாரணம் 2-100-3. முதல் பகுதியை 2048-ஆல் பெருக்கி, நடுப்பகுதியை 8-ஆல் பெருக்கி, கடைசியைக் கூட்டினால்: 4096 + 800 + 3 = 4899. இதே 4899-ஐ ஹெக்ஸாடெசிமலில் எழுதினால் 1323. பார்த்தீர்களா, அதில் எழுத்தே இல்லை, எல்லாம் இலக்கம். மெயிலில் "1323" என்று வந்ததை டெசிமல் என்று நினைத்து அப்படியே தட்டினால் அது 0-165-3 என்ற சம்பந்தமே இல்லாத இடத்தின் கோடு. எண்ணை வாங்கும்போது எந்த முறையில் எழுதியது என்று கேட்டு, மூன்று முறையிலும் தாளில் எழுதி வையுங்கள்.

எஸ்எல்சி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு லிங்க் உள்ள இடத்தில் கேபிள் குறுக்கே மாறிப்போனால் 0-வும் 1-ம் இடம் மாறி இரண்டுமே டெஸ்டில் தோற்கும், கான்ஃபிகரேஷன் இரண்டு பக்கமும் சரியாகவே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டும் இப்படி விழுந்தால் கேபிள் குறுக்கு என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

நெட்வொர்க் இன்டிகேட்டர் 0 என்றால் சர்வதேசம், 2 என்றால் தேசம், 3 தேசத்துக்கே ஒதுக்கிய இன்னொன்று. ஒரு பக்கம் 2, ஒரு பக்கம் 3 என்றால் செய்தி வந்து சேர்ந்தும் குப்பைக்குப் போகும். டிரேஸில் எஸ்எல்டிஎம் வந்ததும் தெரியும், பதில் போகாததும் தெரியும்.

9. ஐபி மேல் ஓடும் லிங்க் என்றால்

இப்போது நிறைய லிங்க்குகள் சிக்ட்ரானுக்கு (ஐபி நெட்வொர்க் வழியாகச் சிக்னலிங் அனுப்பும் முறை) மாறிவிட்டன. கம்பிக்குப் பதில் எஸ்சிடிபி என்ற ஐபி நெறிமுறை, அதன்மேல் எஸ்எஸ்7 செய்தியைச் சுமக்கும் எம்3யுஏ அல்லது எம்2பிஏ அடுக்கு. வரிசை மாறாது, கீழிருந்துதான்.

முதல் தப்பு: "பிங் போகுது சார், நெட்வொர்க் ஓகே." பிங் போவதற்கும் எஸ்சிடிபி போவதற்கும் சம்பந்தமில்லை. எஸ்சிடிபி தனி நெறிமுறை, ஐபியில் அதன் எண் 132. ஃபயர்வாலில் டிசிபி, யுடிபி இரண்டை மட்டும் திறந்துவிட்டு 2905 போர்ட் திறந்தாச்சு என்று சொல்வார்கள். எந்த நெறிமுறைக்குத் திறந்தீர்கள் என்று கேளுங்கள்.

வயர்ஷார்க்கில் பிடித்துப் பாருங்கள். இனிட் (எஸ்சிடிபி இணைப்பு கேட்கும் முதல் செய்தி) போகிறது, பதிலே இல்லை என்றால் வழியில் யாரோ தடுக்கிறார்கள். இனிட்டுக்கு உடனே அபார்ட் (மறுப்பு) வந்தால் எதிர்முனை வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்த ஐபிக்கோ போர்ட்டுக்கோ அங்கே இடமில்லை. இனிட்டே போகவில்லையென்றால் இரண்டு பக்கமும் சர்வர் என்று போட்டு, மற்றவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கலாம்.

அசோசியேஷன் (எஸ்சிடிபி இணைப்பு) ஏறியும் டிராஃபிக் இல்லையென்றால் மேல் அடுக்கைப் பாருங்கள். எம்3யுஏவின் ஏஎஸ்பி அப் (நான் தயார்) போய் ஒப்புதல் வந்ததா, ஏஎஸ்பி ஆக்டிவ் (டிராஃபிக் அனுப்பலாம்) போய் ஒப்புதல் வந்ததா? இரண்டாவதில் எரர் வந்தால் ரவுட்டிங் கான்டெக்ஸ்ட் (எந்த டிராஃபிக் என்று குறிக்கும்) எண் ஒத்துப்போகவில்லை என்பதே வழக்கமான காரணம்.

சும்மா இருக்கும்போது நன்றாக நின்று, மாலை நெரிசலில் மட்டும் விழும் அசோசியேஷன் இருந்தால் எம்டியுவை (பாதையில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு) சந்தேகப்படுங்கள். ஹார்ட்பீட் சின்னப் பாக்கெட், எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். நெரிசலில் எஸ்சிடிபி பல செய்திகளை ஒரே பாக்கெட்டாகக் கட்டி 1500 பைட்டை ஒட்டி அனுப்பும், நடுவில் விபிஎன் டனல் இருந்தால் அது அங்கே தொலையும்.

இரண்டு பாதை போட்டிருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பாதை செத்துக் கிடப்பது இன்னொன்று விழும் நாள் வரை தெரியாமலே இருக்கும். பல "திடீர்" விழல்கள் இப்படித்தான்.

10. ஏறி இறங்கும் லிங்க்

விட்டுவிட்டு விழும் லிங்க்குக்கு நேரப் பட்டியல்தான் மருந்து. விழுந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே மழை, மின்வெட்டு, ஜெனரேட்டர் மாறிய நேரம், ஏசி நின்ற நேரம், ரோடு தோண்டிய நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மழைக்கு ஒரு நாள் கழித்து விழுந்தால் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். கரென்ட் மாறும்போது விழுந்தால் மக்ஸின் பவர் சப்ளை அல்லது எர்த். ராத்திரி 2 மணி வாக்கில் மட்டும் விழுந்தால் எதிர்முனையில் திட்டமிட்ட வேலை ஏதாவது நடக்கிறதா என்று கேளுங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பள்ளம் தோண்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கார்டை மாற்றிப் பார்ப்பது கடைசி. மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கார்டு, கேபிள், போர்ட் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்ட கார்டு ஸ்பேர் அலமாரிக்குப் போய் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும்.

11. லிங்க் ஏறிய பிறகு

"இன் சர்வீஸ்" என்று வந்ததோடு எழுந்து போகாதீர்கள். சோதனைக்காக லிங்க்கை இன்ஹிபிட் செய்திருந்தால் அதை நீக்கினீர்களா? நீக்காவிட்டால் லிங்க் பச்சையாக நிற்கும், ஒரு செய்திகூடச் சுமக்காது. செய்தி எண்ணிக்கை இரண்டு லிங்க்கிலும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து சர்க்யூட்டுகள். நீங்கள் போட்ட பிளாக்குகளை எடுத்துவிட்டு, எதிர்முனை போட்ட பிளாக் மிச்சம் இருக்கிறதா என்று பட்டியலிடுங்கள். தொங்கி நிற்கும் சர்க்யூட்டுகளுக்கு குரூப் ரீசெட் கொடுங்கள், ஆனால் யாரும் பேசாத சர்க்யூட்டா என்று பார்த்துவிட்டு.

ஈ1-ஐ மாற்றியிருந்தால் சிஐசி எண்ணை (எந்தப் பேச்சு சர்க்யூட் என்று குறிக்கும் எண்) சரிபாருங்கள். வழக்கமான கணக்கு, ஈ1 எண்ணை 32-ஆல் பெருக்கி ஸ்லாட்டைக் கூட்டுவது: ஈ1 எண் 2, ஸ்லாட் 5 என்றால் 69. ஒருவர் ஈ1-ஐ 0-விலிருந்தும் மற்றவர் 1-இலிருந்தும் எண்ணினால் 32 தள்ளிப்போகும். அப்போது மணி அடிக்கும், எடுப்பார்கள், பில்லும் ஓடும், ஆனால் குரல் வராது. இது அலாரத்தில் வரவே வராது. ஒவ்வொரு ஈ1-இலும் குறைந்தது ஒரு சர்க்யூட்டைக் குறிவைத்துக் கால் போட்டு, எதிர்முனை ஆளை எண்ணச் சொல்லி, நீங்களும் எண்ணி, இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று பாருங்கள்.

எரர் கவுன்ட்டரை இப்போது பூஜ்யமாக்கி நேரம் எழுதுங்கள். ஷிஃப்ட் முடியும்போது மறுபடி பாருங்கள், ஏறியிருந்தால் டிக்கெட்டை மூடாமல் அடுத்த ஷிஃப்டுக்குக் கொடுங்கள். மஞ்சள் கேபிள்களை எண்ணி மாட்டுங்கள். எந்த ஜோடியைப் புதிதாக இறக்கினீர்கள், எந்த மதிப்பை யார் பக்கம் மாற்றினார்கள் என்பதை ரேக் பக்கத்துத் தாளில் தேதியோடு எழுதிவிட்டு, எதிர்முனைக்குப் போன் செய்து அவர்களின் தாளிலும் எழுதச் சொல்லுங்கள்.